கேட் அறை அலமாரியில் ஏழு புத்தகங்கள்

அனுப்புநர்
ம. கஜபதி,
சார்ஜ்மேன், ஆய்வுப் பிரிவு,
பணியாளர் குடியிருப்பு, ‘சி’ பிளாக், கதவு எண் 14,
ஆவடி.

பெறுநர்
பாதுகாப்பு அலுவலர் அவர்கள்,
பணியாளர் குடியிருப்பு,
ஆவடி.

பொருள்: என் மகளின் முனைவர் பட்ட ஆய்வுக்காக வெளிநாட்டிலிருந்து வந்த ஏழு புத்தகங்கள் கேட் அறையில் நிறுத்தி வைக்கப்பட்டிருப்பது – விடுவிக்க வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இந்தக் குடியிருப்பில் இருபத்தாறு ஆண்டுகளாகக் குறையில்லாமல் வாழ்ந்து வருகிறேன். தண்ணீர் நேரத்துக்கு வருகிறது, பாம்பு வந்தால் பிடிக்க ஆள் வருகிறது. புகார் மனு எழுதுவது இதுவே முதல் தடவை. எங்காவது நீட்டி முழக்கியிருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

1. என் மகள் அகல்யா, தினமும் மின்சார ரயிலில் நகரத்துக்குப் போய், பல்கலைக்கழகத்தில் சர்வதேச உறவுகள் துறையில் ஆய்வு செய்கிறாள். ஒரு பெரிய நாடு தன்னைச் சுற்றியுள்ள சின்ன நாடுகளிடம் சைபர் பாதுகாப்பைப் பற்றி எப்படிப் பேசுகிறது என்பதே அவள் தலைப்பு. எந்த நாடு என்று இங்கே எழுதவில்லை. எழுதினால் இந்த மனுவும் அதே அலமாரிக்குள் போய்விடும் என்று மகள் எச்சரித்திருக்கிறாள்.

2. கடந்த 2-ஆம் தேதி, அந்தச் சின்ன நாடுகளில் ஒன்றின் நூலகத்திலிருந்து அவள் பெயருக்குப் பார்சல் வந்தது. கேட்டில் நான்தான் வாங்கினேன். பதிவேட்டில் ‘விவரம்’ என்ற கட்டத்தில், “வெளிநாடு – சைபர் பாதுகாப்பு – அரசாங்கப் பேச்சுகள் – ஏழு புத்தகம்” என்று நானே என் கையால் எழுதினேன். யாரும் எழுதச் சொல்லவில்லை. தொழிற்சாலையின் ஆய்வுப் பிரிவில் முப்பத்து மூன்று வருடமாக உதிரி பாகங்களைச் சரிபார்த்து வருபவன். ஒரு போல்ட்டு குறைந்தாலும் எழுதாமல் விட்டதில்லை. எதிர் வீட்டுக்கு வாரம் மூன்று பார்சல் வருகிறது. எல்லாம் ‘சாமான்’ என்ற ஒரே சொல்லில் உள்ளே போய்விடுகின்றன.

3. காவலர் ஜேம்ஸ் அதைப் படித்துவிட்டு, பார்சலை அலமாரியில் வைத்துப் பூட்டினார். அவர் மேல் எனக்கு வருத்தமில்லை. மறுநாள் கேட்டபோது அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “அண்ணாத்தே, நீயே எழுதிட்டு நீயே வந்து கேட்டா நான் இன்னா பண்றது? மேலேர்ந்து ஒரு வார்த்தை வரட்டும், நானே தூக்கினு வந்து ஊட்ல வெக்கிறேன்.” அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இந்த மனு.

4. எல்லாம் இணையத்தில் கிடைக்குமே, புத்தகம் எதற்கு என்று தாங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். அந்தப் பெரிய நாட்டு மந்திரி பக்கத்து நாடுகளுக்குப் போகும்போதெல்லாம், உங்கள் கணினிகளுக்குத் திருட்டு பயம் இருக்கிறது, நாங்கள் காவல் இருக்கிறோம், கருவியும் ஆளும் இலவசம் என்கிறாராம். ஊர் திரும்பித் தம் மக்களிடம் பேசும்போது, அதே ஏற்பாட்டை நம் நாட்டைக் காக்கும் வெளிச்சுவர் என்கிறாராம். இரண்டு பேச்சையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கண்டுபிடித்தவள் என் மகள். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். மந்திரியின் பேச்சுகள் இணையத்தில் கொட்டிக் கிடக்கின்றன. அவற்றுக்கு அந்தச் சின்ன நாட்டுக்காரர்கள் சபையில் எழுந்து சொன்ன பதில் மட்டும் எங்குமே இல்லை. பேச்சும் பதிலும் சேர்ந்து இருப்பது இந்த ஏழு புத்தகங்களில்தான்.

5. நம் கேட்டில் நடந்ததும் ஏறக்குறைய இதுதானே அப்பா என்று அவள் சிரிக்கிறாள். நம் நன்மைக்காகப் பூட்டியிருக்கிறார்கள், நம்மைத்தான் கேட்கவில்லை என்கிறாள். தங்களைக் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். வீட்டில் எங்களுக்கு இப்படிப் பேசிப் பழக்கம்.

6. ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கக் கடைசி நாள் இம்மாதம் 30. புத்தகங்கள் கைக்கு வராவிட்டால் அந்தப் பதில்கள் வரவேண்டிய ஆறாவது அத்தியாயத்தை எடுத்துவிடலாம், பட்டத்துக்கு ஆபத்தில்லை என்று அவளுடைய நெறியாளர் சொல்லிவிட்டார். அவளும் சரி என்று தலையாட்டிவிட்டாள். நான் எழுதிய எழுத்தால்தானே இவ்வளவும்? ஒரு வார்த்தை திட்டியிருந்தால் எனக்குத் தேவலாம். திட்டவில்லை, மாலையில் எனக்கும் சேர்த்து டீ போட்டுக் கொடுக்கிறாள். அதைத்தான் தாங்க முடியவில்லை.

ஆகவே, பார்சலைப் பிரித்துச் சோதித்தபின் 15-ஆம் தேதிக்குள் விடுவித்து உதவ வேண்டுகிறேன். சோதனைக்கு நாள் ஆகும் என்றால், அவள் கேட் அறையிலேயே ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து படிக்க அனுமதித்தாலும் போதும். ஜேம்ஸ் பக்கத்திலேயே நிற்கட்டும்.

முதல் ஐந்து அத்தியாயங்களையும் எனக்குத் தமிழில் வாசித்துச் சொல்லிவிட்டாள். மந்திரி பேசி முடித்து உட்கார்ந்திருக்கிறார். எதிரில் அந்தச் சின்ன நாட்டுக்காரர் எழுந்து நிற்கிறார். ஐந்தாவது அத்தியாயம் அங்கேயே நிற்கிறது, ஐயா. அவர் என்ன பதில் சொன்னார் என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும்,
ம. கஜபதி

இடம்: ஆவடி
நாள்: 09.06.2025