நிற்கும் வண்டியின் செலவு

நவ. 4, திங்கள்
காலையிலிருந்தே தூறல். காட்டூரில் எங்கள் லாரி ஷெட் முழுக்கச் சேறு. செலவுக் கணக்குப் போடும் புது சாஃப்ட்வேரில் போன மாத லோடுகளை ஏற்றி முடித்தேன். டீசல், டோல், டயர் தேய்மானம், டிரைவர் பேட்டா, வண்டி நிற்கும் நேரம் எல்லாம் சேர்த்து, லாபம் என்றால் பச்சை, நஷ்டம் என்றால் சிவப்பு. ஈரோடு பச்சை. மதுரை பச்சை. சென்னையிலிருந்து ஸ்ரீரங்கம் எண்ணெய்க் கடைக்கு வருவது மட்டும் ஒவ்வொரு தடவையும் சிவப்பு. அண்ணன் பிடித்துவந்த கஸ்டமர். எங்களுக்கு அதுதான் பெரியது.

முதல் சந்தேகம் சாஃப்ட்வேர் மேல். விற்றவருக்கு போன். "மேடம், அந்த லோடுக்கு வண்டி ரொம்ப நேரம் நிக்குது. நின்னாலும் செலவுதாங்க. இ.எம்.ஐ. நிக்குமா?" பேச்சு வழவழப்பு. நம்பவில்லை.

செவ்வாய்
அடுத்து டிரைவர் ஆரோக்கியம். எங்காவது வண்டியைப் போட்டுவிட்டுத் தூங்குகிறாரா? சுற்றி வளைத்துக் கேட்டேன். புரிந்துகொண்டார்.
"கடையில இறக்க விடமாட்டேங்கிறாங்கக்கா. சந்தேகமா இருந்தா நாளைக்கு நீங்களே வாங்க."
முகம் கொடுத்துப் பேசவில்லை அதற்குப் பிறகு.

புதன்
போனேன். கடை குடோன் வாசல். பின்னால் வந்த லாரிகளிலெல்லாம் சரக்கை இறக்கினார்கள். எங்கள் வண்டி ஓரமாக. மதியம் தயிர்சாதம் கேபினிலேயே. கடை மேனேஜரிடம் கேட்டதற்குச் சிரித்தார். "அது நம்ம வண்டிதானே, நிக்கட்டுங்க. உங்க அண்ணன் ஒண்ணும் சொல்ல மாட்டாரு."
ஏன் சொல்ல மாட்டார்?
ஆரோக்கியத்திடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்லக்கா" என்றார். பரவாயில்லை மாதிரி இல்லை.

வியாழன்
அண்ணன் கமிஷன் வாங்குகிறாரா? எழுதவே கை கூசுகிறது. ஆனால் கடையிலிருந்து போன் வந்தால் எழுந்து வெளியே போகிறார். அண்ணிக்குப் புதுப் பட்டு. விசேஷம் எதுவும் இல்லையே.
கேஸ் சிலிண்டர் புக் செய்ய வேண்டும். மறந்தே போகிறது.
சாயங்காலம் அண்ணன் மகள் திவ்யா வந்தாள். பேச்சுவாக்கில் சொன்னாள்: "அந்த எண்ணெய்க் கடைக்காரர் பையன் போட்டோவைக் காட்டினாங்க அத்தை. உங்ககிட்ட இப்ப சொல்ல வேண்டாம்னாரு அப்பா."

வெள்ளி
அண்ணனிடம் கேட்டேவிட்டேன்.
"சம்பந்தம் பேசுற இடத்துல போயி வெயிட்டிங் சார்ஜ் கேக்கச் சொல்றியா?"
"நம்ம வண்டியவே வாசல்ல நிறுத்தி வைக்கிறாங்க. நாளைக்கு நம்ம பொண்ண?"
அண்ணன் பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கதவருகில் திவ்யா. எவ்வளவு நேரமாக நின்றாள் தெரியவில்லை.
"கேளுங்க அத்தை. அவங்க என்ன சொல்றாங்களோ, அத வச்சு நானும் என் பதிலச் சொல்றேன்."

சனி
வெயில். கடை முதலாளிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன்: இனி லோடு இறக்கத் தாமதமானால் தனிக் கட்டணம். மரியாதையாகத்தான் எழுதினேன். உடனே பார்த்துவிட்டார். மதியம் வரை ஒன்றும் இல்லை. பிறகு அண்ணன் போனுக்கு அவரிடமிருந்து குரல் செய்தி. ஷெட்டில் எல்லோர் முன்னாலும் அண்ணன் தெரியாமல் தட்டிவிட, சத்தமாக ஒலித்தது.
"என்னங்க, வீட்டுப் பொம்பளைங்கள விட்டு வசூல் பண்றீங்க? பொண்ணு குடுக்கப்போற இடம். கொஞ்சம் அடங்கித்தான் இருக்கணும்."
அண்ணன் அதை இரண்டாம் முறை போட்டுக் கேட்டார். திவ்யாவைப் பார்த்தார். அப்புறம் ஆரோக்கியத்திடம் திரும்பினார்.
"திங்கக்கிழமை அந்த லோடு ஏத்த வேண்டாம். வேற எடுத்துக்கலாம்."
என்னோடு இன்னும் பேசவில்லை.