விறகு மிச்சம்

12 செப்டம்பர் 2000, சோலூர்

இன்றும் வெயில் இல்லை. நான் வெயிலை அளக்க வந்தவள். கருவி ஒழுங்காக வேலை செய்கிறது, வெயில்தான் வரமாட்டேன் என்கிறது.

ஃபேக்டரிக் கூரையில் கறுப்புத் தகடுகளைப் பொருத்தியாகிவிட்டது. வெயிலில் தகடு சூடாகும், அதற்கு அடியில் ஓடும் காற்றும் சூடாகும், அந்தக் காற்று தேயிலை காய்கிற ட்ரையருக்குப் போகும். உலையில் எரிக்கும் விறகு குறையும். எவ்வளவு குறைகிறது என்று பார்த்து எழுதுவது என் வேலை. கோயம்புத்தூரில், எங்கள் ஆராய்ச்சி நிலையத்தில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து பேசியபோது எல்லாம் சுலபமாக இருந்தது. இங்கே மேகம் ஜன்னல் வழியாக வந்து என் பாயில் படுத்துக்கொள்கிறது. துணி காயவில்லை. இருமல் போகவில்லை.

மதியம் கொஞ்சம் வெளிச்சம் வந்தது. வந்தும் என்ன? பாதிக் கூரை நிழலில் கிடந்தது. ஃபேக்டரிக்கும் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்துக்கும் நடுவே வரிசையாக நிற்கும் கற்பூர மரங்களின் நிழல். யூகலிப்டஸுக்கு இங்கே அதுதான் பெயர். மேலதிகாரி ஜெகதீசன் சார் பார்த்தால் என்னைத்தான் திட்டுவார். மரத்தை நானா நட்டேன்?

15 செப்டம்பர்

எனக்குச் சாப்பாடு லயத்தின் முதல் வீட்டில், அன்னக்கிளி அக்காவிடம். அக்கா தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர். கணவர் வடிவேல் ஃபேக்டரி உலைக்கு விறகு போடுபவர். இரண்டு பேருமே சின்ன வயதில் சிலோன் தோட்டங்களிலிருந்து வந்தவர்கள். "மிச்சம் குளிருதா மிஸ்?" என்று அக்கா கேட்டபோது முழித்தேன். ரொம்பக் குளிருதா என்று கேட்கிறாராம். எங்கள் கோபிப் பக்கம் மிச்சம் என்றால் மீதி, அவ்வளவுதான்.

கொழுந்து விலை மறுபடியும் இறங்கிவிட்டது. முதலாளி பாலசுப்பிரமணியம் என் மேசைக்கு எதிரே வந்து உட்கார்ந்தார். "ஏனுங்க, இந்த வெறகுச் செலவு கொறஞ்சாத்தான் ஃபேக்டரிய ஓட்ட முடியும். இல்லீன்னா பூட்டிப்போட்டு ஊரப் பாத்துப் போக வேண்டீதுதான்."

என் தகடுகளை நம்பி ஒரு மனிதர். பயமாக இருக்கிறது.

21 செப்டம்பர்

சார் வந்தார். நிழலைப் பார்த்தார். மரங்களை வெட்டினால்தான் ஆராய்ச்சி உருப்படும் என்றார். முதலாளி தலையைச் சொறிந்தார். முன்பு ஒருமுறை வெட்ட ஆள் வந்தபோது லயத்துப் பெண்கள் மரத்தைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்களாம். காற்றை அந்த மரங்கள்தான் தடுக்கின்றன. உதிரும் சுள்ளிதான் அவர்களுக்குக் காலை அடுப்பு.

"இந்து, மக்கள்கிட்டப் பேசறது நம்ம திட்டத்துலயே இருக்கு. ஒரு கூட்டம் போட்டு நீயே புரிய வை" என்றார் சார். மலையிறங்கும்போது குளிர்கிறது என்று என் மஃப்ளரையும் வாங்கிக்கொண்டு போனார்.

24 செப்டம்பர், ஞாயிறு

கூட்டம் முடிந்தது. நம்பவே முடியவில்லை, இவ்வளவு லேசாக முடியுமென்று.

லயத்து முற்றத்தில் ஒரு தகட்டை வைத்து, அதிலிருந்து வரும் சூட்டை ஒவ்வொருவர் கையிலும் படவிட்டேன். பிள்ளைகள் விடவே இல்லை. பிறகு சொன்னேன்: "மரம் போனா கூரை முழுக்க வெயில் விழும். விறகு மிச்சமாகும்." பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அன்னக்கிளி அக்கா எழுந்து, "மெய்யாவே மிச்சமாகுமா மிஸ்?" என்று கேட்டார். "கண்டிப்பா மிச்சமாகும்க்கா" என்றேன். அக்கா எல்லோரையும் பார்த்து, "அப்ப மரம் போனாப் போகட்டும்" என்றார். யாரும் மறுக்கவில்லை.

எனக்குக் கொஞ்சம் பெருமைதான். எழுதி வைத்தால் என்ன, என் நோட்டுதானே.

9 அக்டோபர்

மரங்களை வெட்டினார்கள். ஊரெல்லாம் தைல வாசனை. எல்லாம் உலைக்கே போயிற்று. ராத்திரி காற்று நேராக வந்து தகரத்தை அடிக்கிறது.

3 நவம்பர்

மழை. மழை. மழை.

6 டிசம்பர்

வெயில்!

காலையிலிருந்தே கூரை தகதகவென்று இருந்தது. ட்ரையருக்குப் போகும் காற்றில் கை வைத்துப் பார்த்தேன், சுட்டது. வடிவேல் அண்ணன் உலை வாயருகே சும்மா உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தார். "வேலையில்லாம ஆக்கிப்புட்டீங்களே மிஸ்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். சாருக்கு ஃபோன் செய்தேன். அவர் சந்தோஷத்தில் இங்கிலீஷில் என்னென்னவோ சொன்னார்.

16 டிசம்பர், சனி

எழுதக் கை வரவில்லை. எழுதிவிட வேண்டும்.

சாயங்காலம் அக்காவும் இன்னும் சில பெண்களும் கூடையோடு விறகுக் கொட்டகைக்கு வந்தார்கள். கொட்டகை பெருக்கிவிட்டது போலக் கிடந்தது. அக்கா என்னிடம் வந்தார்.

"மிச்சம் எங்க மிஸ்?"

"என்ன மிச்சம்?"

"நீங்கதானே சொன்னீங்க, மிச்சமாகும்னு. மழ முடியட்டும், மிஸ்சோட மிஷின் வேல செய்யட்டும்னு பொறுத்துப் பாத்தோம். இருந்ததும் போச்சு."

அப்போதும் எனக்குப் புரியவில்லை. வடிவேல் அண்ணன்தான் விளக்கினார். உலை வாயில் நுழையாத கோணல் கட்டை, பட்டை, சிராய் எல்லாவற்றையும் சனிக்கிழமை லயத்துக்குக் கொடுத்துவிடுவது பழைய முதலாளி காலத்து வழக்கம். யாரும் கேட்டு வாங்குவதில்லை, யாரும் மறுப்பதுமில்லை. அதற்கு லயத்தில் பெயரே மிச்சம். நான் மிச்சமாகும் என்றேன். அவர்கள் பங்கு கூடும் என்று அவர்கள் கேட்டுக்கொண்டார்கள். நிறைய விறகு வரும் என்று. அதற்காகத்தான் மரத்தை விட்டுக்கொடுத்தார்கள்.

நான் என்னத்தச் சொன்னேன், அவங்க என்னத்தக் கேட்டாங்க. அம்மா மாசாமாசம் மிச்சம் புடிச்சு எடுத்து வெப்பா, அந்த நெனப்புலயே பேசிட்டேன். ஒரு வார்த்த. வேற ஏதாச்சும் ஒரு வார்த்தயில சொல்லியிருக்கலாமே.

அக்கா சண்டை போடவில்லை. காலிக் கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு போனார். சண்டை போட்டிருந்தால் தேவலை.

17 டிசம்பர்

முதலாளியிடம் போய்ச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "நீங்கதானுங்களே சொன்னீங்க, கொட்டகைக்குள்ள வர்ற வெறகு அத்தனையும் எடை போட்டு உலைக்கே போகோணும், ஒரு சிராய் வெளிய போகப்படாது, கணக்கு தப்பிரும்னு. கோணக்கட்டையக்கூட ஒடச்சுப் போட்டாச்சு. அப்பறம் மிச்சம் எப்படிங்க நிக்கும்?"

உண்மை. நான்தான் சொன்னேன். அளவு சுத்தமாக இருக்கவேண்டும் என்று நானே நின்று பார்த்துக்கொண்டேன்.

இனிமேல் கொடுக்கலாமே என்றேன். "குடுக்கலாமுங்க. ஆனா இப்ப நானே சிராய் பொறுக்கற நெலமையில இருக்கறனுங்க" என்றார்.

4 ஜனவரி 2001

உறைபனி. காலையில் புல்லெல்லாம் வெள்ளை. அன்னக்கிளி அக்கா சோலைக்காட்டுக்குச் சுள்ளி பொறுக்கப் போய் வனக்காவலரிடம் மாட்டிக்கொண்டார். அரிவாளைப் பிடுங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்களாம். இன்று மத்தியானம் எனக்குச் சோறு வந்தது. அவர்கள் வீட்டில் அடுப்பு ஒரு வேளைதான். எனக்காக மூட்டிய அடுப்பு என்று தெரிந்தபிறகு எப்படிச் சாப்பிடுவது? நாளையிலிருந்து ரொட்டி வாங்கிக்கொள்கிறேன் என்றேன். "நம்ம சோறு புடிக்கலையா மிஸ்?" என்றார்.

எதைச் சொன்னாலும் வேறாகத்தான் போய்ச் சேருகிறது.

11 ஜனவரி

சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். லயத்து அடுப்பைப் பற்றி அறிக்கையில் ஒரு பக்கமாவது எழுதவேண்டும் என்றேன். கடைசிவரை கேட்டார். "பாவம்தான். ஆனா நாம பார்க்கறது ஃபேக்டரி உலையை. ஊட்டு அடுப்பு நம்ம எல்லைக்குள்ள வராது. அடுத்த கூட்டத்துல மிச்சம்னு சொல்லாதே, சேமிப்புன்னு சொல்லு, தீர்ந்தது" என்றார்.

தீர்ந்ததாம்.

28 ஜனவரி

கொழுந்து வரத்து இல்லை. ஃபேக்டரி இனி வாரத்தில் பாதி நாள்தான்.

17 பிப்ரவரி, கோயம்புத்தூர்

அறிக்கையை வாசித்தோம். வெளியூரிலிருந்து வந்தவர்களும் கைதட்டினார்கள். லயத்தைப் பற்றி நான் எழுதிய பக்கத்தைச் சார் எடுத்துவிட்டிருந்தார். அதற்குப் பதில் கூட்டத்தன்று எடுத்த படம்: அன்னக்கிளி அக்கா தகட்டின் சூட்டில் கை நீட்டிச் சிரிக்கிறார். கீழே, "மக்களின் முழு ஆதரவுடன்" என்று இருந்தது. எழுந்து ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். நான் உட்கார்ந்தே இருந்தேன். காப்பியும் குடித்தேன்.

22 மார்ச், சோலூர்

கருவிகளைக் கழற்றிக்கொண்டு போக வந்தேன். ஃபேக்டரி பூட்டி மூன்று வாரம் ஆகிறது. முதலாளி ஊருக்குப் போய்விட்டார். வடிவேல் அண்ணன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் சேர்ந்துவிட்டாராம். நல்ல வெயில். கூரையில் ஏறிப் பார்த்தேன், தகடுகள் கொதிக்கின்றன. சூடான காற்று யாருமில்லாத ஃபேக்டரிக்குள் போய்க்கொண்டிருந்தது.

மேலிருந்து பார்த்தால் லயத்தில் புகை தெரிந்தது. எப்படியோ விறகு கிடைத்துவிட்டது என்று மனசு லேசாயிற்று. இறங்கிப் போனேன்.

அன்னக்கிளி அக்கா வீட்டில் இல்லை. வாசலில் பாசி படிந்த முறுக்கலான கட்டைகள் அடுக்கியிருந்தன. என்ன மரம் என்று தெரியவில்லை. தேடிக்கொண்டு தோட்டத்துக்குள் போனேன். அக்கா தினமும் கொழுந்து பறித்த அதே சரிவு. பறிக்க ஆளில்லாமல் செடிகள் இடுப்பைத் தாண்டி வளர்ந்திருந்தன. பாதிச் சரிவு மொட்டை. அங்கங்கே குழி.

அக்கா ஒரு தேயிலைச் செடியின் தூரைக் கடப்பாரையால் நெம்பிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வாங்க என்றார்.

"வேரு விட மாட்டேங்குது மிஸ். கொஞ்சம் அந்தப் பக்கம் புடிங்க."

பையைக் கீழே வைத்துவிட்டுப் பிடித்தேன். அக்கா நெம்பினார், நான் இழுத்தேன். கொழுந்து விட்டிருந்த செடி. கடைசியில் மண்ணோடு வந்துவிட்டது.

"அடுத்தது" என்றார் அக்கா.