மிஞ்சிய வெள்ளைத் தாள்

7 நவ., வெள்ளி

மழை. இல்ஃபோர்ட் ரயில் பிந்தியது. வாங்க: பால், அரிசிமா, பற்றரி.

மதியம் ஒவ்வீஸ் சாப்பாட்டறையில் பின்டாவுக்குப் போன். ஒன்பது வருசமாகப் பக்கத்து மேசைக்காரி. மேற்கு ஆபிரிக்கா. ஞாயிறு அவளுடைய நாட்டில் சர்வசன வாக்கெடுப்பு. புது அரசியலமைப்பு வந்தால் ஆளுகிற ஜெனரல் சாகும்வரை பதவியில் இருக்கலாம். அங்கே 'வேண்டாம்' போஸ்டர் ஒட்டிய அவளுடைய தம்பியைப் பிடித்துவிட்டார்கள். போனில் அவனை அடிக்கிற சத்தம். என் சோற்றுப்பெட்டி திறந்தபடி.

பிறகு ஒருவன், மரியாதையாக: "சகோதரி, லண்டன் தூதரகத்தில போய்ப் போடுங்கோ. சிவப்புத் தாளை வெளியில எங்கட ஆக்களிட்டக் காட்டுங்கோ. தம்பி வருவான்."

அங்கே ஆளுக்கு இரண்டு தாள். வெள்ளை 'ஆம்', சிவப்பு 'வேண்டாம்'. ஒன்று பெட்டிக்குள், மற்றது கையில். மிஞ்சியதைப் பார்த்தால் போட்டது தெரியும்.

"ஆம் போடு," என்றேன். "தாள்தானே. எங்கட இலங்கையில அரசியல் யாப்பை ரெண்டுதரம் மாத்தினவங்கள். எங்களிட்டக் கேட்டவங்களே?"

தலையாட்டினாள்.

9, ஞாயிறு

வெயில், குளிர். தூதரகத்துக்கு எதிர்ப்பக்கம் நின்றேன். வெளியே வந்தாள். கையில் வெள்ளைத் தாள்.

வாசலில் நாலு பேர். முதல் அடி வாயில். விழுந்தாள். ஒருவன் விரல்களைச் சப்பாத்தால் மிதித்துத் திருகினான். தாளை விடவில்லை. நான் குறுக்கே போய் (ஏன் போனேன்?) முகத்தில் முழங்கை, உடைந்த மூக்குக்கண்ணாடி, நிலம். சைரன் கேட்டு ஓடினார்கள்.

ஆஸ்பத்திரி. "ஏனப்பா?"

"வெள்ளையைப் போடக் கை போகேல்லை." முன்பல் இரண்டு இல்லை.

தம்பியைக் கொன்றுவிட்டாய் என்று வாய்வரை வந்தது. விழுங்கினேன்.

11, செவ்வாய்

லீவு. பின்டா வீடு. முடிவு வந்துவிட்டது: லண்டன் பெட்டியில் 'வேண்டாம்' ஒன்றுகூட இல்லையாம். சிரித்தாள், உதட்டுத் தையல் இழுத்து இரத்தம்.

அன்று போன் எடுத்தவனுக்கு, அவள் சொல்ல நான் அவளுடைய போனில் தட்டினேன்: "உங்கட கணக்குப்படி நானும் ஆம்தான். தம்பியை விடுங்கோ. இல்லாட்டி வெள்ளைத் தாள் பத்திரிகைக்குப் போகும்."

பதில்: "தாளை எரிச்சு வீடியோ அனுப்புங்கோ."

சிங்க்குக்குள் கொளுத்தினாள். நான் படம் பிடித்தேன். புகை அலாரம் அலறியது.

பத்து நிமிடத்தில் போனில் தம்பி. "அக்கா, விடப்போகினமாம்." பின்னால் அடி விழுகிற சத்தம்.

"உனக்கோ அடிக்கிறாங்கள்?"

"இல்லை. வேற பெடியன்."

பின்டா மூச்சு விட்டாள். நானும்.