லாரி ரோட்டில் வந்த அக்காவுக்கு

எப்போதும் எனக்கு முன்னால் சைக்கிளில் போகும் என் அக்காவுக்கு,

நீ போன பிறகு எனக்கு வேலை கிடைத்துவிட்டது. திருச்சியில், கணினியில் வரைபடம் போடுகிற வேலை. சொல்கிறேன், குறுக்கே பேசாதே. ஒவ்வொரு சாலைக்கும் ஒரு சுமை கொடுப்போம். தூரம் கூடினால் சுமை கூடும், லாரி கூடினாலும் கூடும். சுமை குறைந்த வழியைக் கணினியே தேடி, சைக்கிளில் வருகிறவர்கள் இதில்தான் போவார்கள் என்று கோடு போடும். கோடு தடித்த இடத்தில் சைக்கிளுக்குத் தனிப்பாதை கேட்டு எழுதுவோம்.

போன மாதம் அரியலூர்ப் பக்கம் என் கைக்கு வந்தது. டவுனிலிருந்து நம் ஊருக்கு வழி தேடச் சொல்லிக் கணினியில் ஓட்டிப் பார்த்தேன். சுண்ணாம்புக்கல் லாரி போகும் ரோட்டில் கோடே இல்லை. எல்லோரையும் முந்திரிக்காட்டு வழியில் அனுப்பியிருந்தது. மருந்துக்கடை வேலை முடிந்து வந்த உன்னை லாரி அடித்த இடம் திரையில் வெறுமையாகக் கிடந்தது. எழுந்து வெளியே போய் நின்றேன்.

உன்னைக் கிடத்தியிருந்தபோது பெரியப்பா கேட்டார், "முந்திரிக்காட்டு வழி சும்மாதான கெடக்கு, இந்தப் புள்ள ஏன் லாரி ரோட்டுல வந்துச்சு?" அம்மா இன்னும் அதையேதான் கேட்கிறாள். இப்போது கணினியும்.

சனிக்கிழமை ஊருக்கு வந்தேன். லாரி ரோட்டில், பள்ளிக்கூடத்திலிருந்து சைக்கிளில் வந்த பெண்களை நிறுத்தி, காட்டு வழியில் ஏன் போகவில்லை என்று கேட்டேன்.

ஒருத்தி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "நீங்க போவீங்கண்ணே. நீங்க ஆம்பள."

"அங்க குடிச்சிட்டு உக்காந்திருப்பானுங்க. லாரிக்காரன் ஹாரனாவது அடிப்பான்" என்றாள் இன்னொருத்தி. மற்றவர்கள் சிரித்தார்கள். என்னால் முடியவில்லை.

நீ ஏன் வீட்டில் சொல்லவே இல்லை? சொன்னால் வேலையை விடச் சொல்வோம் என்றா? சொல்லியிருப்போமோ?

ஆள் நடமாட்டமில்லாத வழிக்குச் சுமையை ஏற்றினேன். கோடு லாரி ரோட்டுக்கு வந்துவிட்டது. ஆபீஸில் சார் பார்த்துவிட்டு, "பயத்துக்கு எங்கருந்துப்பா டேட்டா எடுத்த?" என்றார்.

"கேட்டு எடுத்தேன் சார்."

"நாலு புள்ளைங்க சொன்னா டேட்டாவா?"

"அப்ப முறையா சர்வே எடுக்கலாம். நானே போறேன்."

"ஒரு வாரம் தரேன். அதுக்கு மேல வந்து நிக்காத."

அம்மாவிடம் அந்தப் பெண்கள் சொன்னதைச் சொன்னேன். "அப்ப எம்புள்ள தெரிஞ்சேதான் தெனம் அதுல வந்திருக்கா" என்றாள். இப்போது அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. சாப்பிடுவதும் சரியாக இல்லை. சொன்னது சரியா, தப்பா? நீயிருந்தால் உன்னிடம் கேட்டிருப்பேன்.

திங்கட்கிழமை சர்வேக்குக் கிளம்புகிறேன். பாதை போடுவார்களா தெரியாது, அது என் கையில் இல்லை. ஆனால் அந்த ரோட்டில் பெண்கள் சைக்கிளில் வருகிறார்கள், காரணத்தோடுதான் வருகிறார்கள் என்பதை ஏற்றாமல் வரைபடத்தைக் கொடுக்க மாட்டேன்.

உனக்குப் பின்னால் பிறந்த
தம்பி