குமிழி வராத கருவி

திருப்பூர்,
ஞாயிறு காலை

அன்புள்ள கண்ணு கிருத்திகாவுக்கு,

இங்கே நானும் அம்மாவும் சுகம், அந்தமானில் நீ சுகமாக இருக்க முருகன் துணை. போனில் பாதி பேச்சு கேட்கவில்லை, அதனால் எழுதுகிறேன்.

விட்ட மூச்சில் கரியமில வாயுவை நீக்கி, ஆக்சிஜன் சேர்த்துத் திரும்பக் கொடுக்கும் ரீபிரீதருக்கு மாறுவதா, சிலிண்டரோடேயே கடலில் முங்குவதா என்று இந்த மாதத்துக்குள் நீ சொல்ல வேண்டுமாமே. அம்மாவிடம் விளக்கினேன். "ஏனுங்க, சாயத்தண்ணியச் சுத்தம் பண்ணி மறுக்கா பட்டறைக்கே உடறாங்களே, அது மாதரயா?" என்றாள். ஏறக்குறைய அப்படித்தான் என்றேன். அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

நானும் யோசித்தேன். ஆழத்தில் நெடுநேரம் இருக்கும் வேலைக்கு அந்தக் கருவிதான் நல்லது, ஒப்புக்கொள்கிறேன். சிலிண்டர் அங்கே சீக்கிரம் தீரும், சிக்கல் வந்தால் யோசிக்க நேரம் இருக்காது. ஆனால் சிலிண்டர் தீர்ந்தால் மூச்சு இழுக்க வராது, உனக்கே தெரிந்துவிடும். ரீபிரீதரில் ஆக்சிஜன் குறைந்தாலும் மூச்சு சுகமாக வந்துகொண்டிருக்கும், மயக்கம்தான் முதல் அறிகுறி என்றாய். எனக்கு மண்ணரை ஞாபகம் வந்தது. போன வருடம் அங்கே ஒரு சாயப்பட்டறைக் கழிவுத் தொட்டியில் இறங்கி விஷவாயுவில் இறந்த மாரிச்செல்வம் பற்றி நான்தான் செய்தி எழுதினேன், தூத்துக்குடிப் பக்கம், உன் வயது. கூட நின்றவர் சொன்னார், "மொதல்ல நாத்தம் தாங்கல சார். கொஞ்ச நேரத்துல நாத்தமே இல்ல, சரியாயிட்டுன்னு எறங்கிட்டான்." நாற்றம் போகவில்லை, மூக்குதான் மரத்துப்போயிருந்தது. உடம்பு சொல்வதை நம்பாதே கண்ணு, மீட்டரைப் பார்.

ஆழம் போகும் நாளில் அந்தக் கருவியை எடுத்துக்கொள், ஆபத்துக்கு ஒரு சிலிண்டர் இல்லாமல் இறங்காதே, யார் அவசரப்படுத்தினாலும் இறங்குமுன் கருவியைச் சோதிப்பதை விடாதே. கரையோரப் பவளத்திட்டில் படம் எடுக்கப் பழைய சிலிண்டரே போதும். சிலிண்டரில் குமிழி வரும், மீன் மிரண்டு ஓடும் என்றாய். ஓடட்டும். குமிழி வந்தால்தானே நீ கீழே மூச்சு விடுவது படகில் இருப்பவர்களுக்குத் தெரியும். ஆனாலும் முடிவு உன்னுடையது.

செவ்வாய்க்கிழமை சிவன்மலை முருகன் கோயிலுக்குப் போனோம். பஸ்ஸில் பழக்கத்தில் மூன்று டிக்கெட் கேட்டுவிட்டேன். கண்டக்டர், "மூணாவது ஆளு எங்கீங்க?" என்றார். அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். எப்போது வருவாய் என்று உன்னைக் கேட்கக் கூடாது என்று பேசிவைத்திருக்கிறோம், அதனால் கேட்கவில்லை.

சிவன்மலையான் உன்னைக் காப்பான். தண்ணீரை விட்டு ஏறியதும் ஒரு மிஸ்டு கால் கொடு, மறக்காதே. பேச வேண்டாம், நாங்கள் எடுக்கவும் மாட்டோம். மணி அடித்தால் போதும்.

உன் அப்பா,
செந்தில்வேல்