முண்டுக்கட்டை வைக்காத நாள்

ஐப்பசி 11, திங்கள்

காலையில் மூட்டம். மழை இல்லை. மிசின் திருத்த விசுவமடுவுக்கு வந்து நாலாம் நாள். குளக்கட்டு உடைந்த இடத்துக்கு மண் போட வந்த சின்ன டிராக்டரில் திரும்பவும் கோளாறு. முன்னால் பூட்டிய வாளி மண்ணோடு உயர்கிறது, ஆனால் மேலே நிற்பதில்லை. காசிம் நானா ஒரு பீடி குடித்து முடிப்பதற்குள் தரைக்கு வந்துவிட்டது. நானாதான் ஓட்டுபவர், முல்லைத்தீவு ஆள், என்னைவிடப் பத்து வயது மூத்தவர்.

"தம்பி, இது மெக்கானிக் பார்க்கிற வருத்தமில்லை, பரியாரி நாடி பிடிச்சுப் பார்க்கிற வருத்தம்" என்றார்.

எண்ணெய் இரண்டு விரல் குறைவு. நிறமும் பால் போல. தண்ணீர் சேர்ந்திருக்கிறது. முழுவதையும் வடித்து, வடிகட்டியைக் கழுவி, புது எண்ணெய் விட்டேன். பின்னேரம் தூக்கிப் பார்த்தோம். அதே கதை.

வாளியின் கீழே பாலை மரக் குற்றி ஒன்றை முண்டுக்கட்டையாக நிறுத்தச் சொன்னேன். அது இல்லாமல் ஒருவரும் கீழே போகக் கூடாது. வாளியில் ஒட்டும் களிமண்ணைச் சுரண்டுவது செல்லையாவின் வேலை. வடமராட்சியில் இருந்து வந்து குடியேறியவர், இந்தக் குளத்தின் கீழ்தான் அவருக்கு வயல். ஒவ்வொரு முறையும் கட்டையைத் தட்டிப் பார்த்துவிட்டே குனிகிறார். நல்ல ஆள்.

கையில் எண்ணெய் நாற்றம். சோறு இறங்கவில்லை.

ஐப்பசி 12, செவ்வாய்

வெயில், புழுக்கம். வாளியைத் தூக்கும் இரண்டு சிலிண்டர்களையும் ஒவ்வொன்றாகச் சோதித்தேன். கீழ்ப்பக்கக் குழாயை அடைத்து, மேல்பக்கத்தைத் திறந்து விட்டேன். வலது சரி. இடதில், வாளி இறங்க இறங்க மேல்வாயால் எண்ணெய் வடிந்தது. உள்ளே எண்ணெயை அடைக்கும் வாசர் தேய்ந்துவிட்டது. பிழை பிடிபட்டதில் ஒரு சந்தோஷம், மறைக்கவில்லை.

புது வாசர் கொழும்பிலிருந்து வரவேண்டும். இரண்டு கிழமை, பதினாலு நாளாகும். வேலையை மேற்பார்க்கும் ஓவசியரிடம் சொன்னேன். தொப்பியைக் கழற்றி வானத்தைப் பார்த்தார்.

"இரண்டு கிழமையோ? மழை உனக்காக நிக்குமோ? கட்டு திரும்ப உடைஞ்சா, கீழ இருக்கிற சனம் எங்க போறது?"

 அவர் சொல்வதும் சரிதான்.

ஐப்பசி 13, புதன்

விடியவே சைக்கிளில் தருமபுரம் போனேன். அரிசி ஆலையில் கழித்துப் போட்ட தோல் பட்டி ஒரு துண்டு தந்தார்கள். வாசர் அளவுக்கு வட்டமாக வெட்டி, வெந்நீரில் ஊறவைத்து, அழுத்தி, எண்ணெயில் போட்டு எடுத்தேன். மத்தியானம் பூட்டியாயிற்று. பூட்டும்போது கவனித்தது: இடதுபக்க றப்பர் குழாயில் மேல்தோல் வெடிப்பு. எண்ணெய் கசியவில்லை. விட்டுவிட்டேன்.

வாளி நிறைய மண்ணோடு தூக்கிவிட்டு எல்லோரும் தேநீர் குடித்தோம். செல்லையாவின் மனைவி பவளம் கொண்டுவந்தது. அரை மணி நேரம். ஒரு விரல்கூட இறங்கவில்லை. நானா என் முதுகில் தட்டினார்.

செல்லையா கேட்டார்: "அண்ணை, கட்டை வைக்கவோ?"

"தேவையில்லை. இனி இறங்காது" என்றேன்.

ஐப்பசி 14, வியாழன்

செல்லையா போய்விட்டார்.

ஐப்பசி 15, வெள்ளி

தூறல். நேற்று அதற்கு மேல் எழுத முடியவில்லை. நடந்தது நடந்தபடி.

காலை பத்து மணி இருக்கும். மண் கொட்டிவிட்டு வாளியை உயர்த்தியபடி நானா நிறுத்தினார். செல்லையா மண்வெட்டியோடு கீழே குனிந்தார். நான் இருபது அடி தள்ளி நின்றேன். துணி கிழிவது போல ஒரு சத்தம். வெடிப்பு இருந்த அந்தக் குழாய். எண்ணெய் என் முகம் வரைக்கும் பாய்ந்தது. வாளி ஒரேயடியாகக் கீழே விழுந்தது.

முன்பு வாசர் வழியே ஒழுகிக்கொண்டிருந்ததால் குழாய் முழுப் பாரத்தையும் தாங்கவில்லை. நான் ஒழுக்கை அடைத்தேன். பாரம் முழுவதும் அந்தப் பழைய றப்பரில் போய் நின்றது. யோசித்திருக்க வேண்டியது நான்.

ஆறு பேர் சேர்ந்து வாளியைக் கிளப்பினோம். இடுப்புக்குக் கீழே பார்க்க முடியவில்லை. லொறியில் ஏற்றினோம். "தண்ணி" என்றார் ஒரு தரம். தருமபுரம் தாண்டமுன் மூச்சு நின்றது. தலை என் மடியில் இருந்தது.

இன்று பிரேதம் எடுத்தார்கள். இரண்டு பிள்ளைகள். மூத்தவளுக்கு ஏழு வயது இருக்கலாம்.

ஐப்பசி 16, சனி

ஓவசியர் கூப்பிட்டார். மரண விசாரணைக்குக் கொடுக்க ஒரு கடிதம் எழுதி வைத்திருந்தார். எச்சரித்தும் கேளாமல் செல்லையா கட்டை வைக்காது கீழே போனார் என்று. நான் கையெழுத்துப் போட வேண்டும்.

"கட்டை வைக்கவோ எண்டு அவர் கேட்டவர் ஐயா. நான்தான் வேண்டாம் எண்டனான்."

"அது எனக்குத் தெரியாது. தெரியவும் வேண்டாம். நீயும் காசிமும் பிள்ளைகுட்டிக்காரர். செத்தவனுக்கு இனி என்ன?"

கடிதத்தை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். நானா டிராக்டர் நிழலில் உட்கார்ந்திருந்தார். இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை. படித்துக் காட்டினேன்.

"தம்பி, இதில நான் தப்புவன்" என்றார். என் கையிலிருந்த கடிதத்தை மடித்துவிட்டு, "எண்டாலும் போடாத" என்றார்.

ஐப்பசி 18, திங்கள்

மழை. விசாரணை. கையெழுத்துப் போடாத கடிதத்தை ஓவசியரிடம் திருப்பிக் கொடுத்தேன். உள்ளே போய்ச் சொன்னேன்: குழாயில் வெடிப்பைக் கண்டேன், மாற்றவில்லை. கட்டை தேவையில்லை என்று சொன்னவன் நான். எழுதிக்கொண்டார்கள். 

வெளியே வந்ததும் ஓவசியர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இனி மிசினைத் தொடக் கூடாது, நாளை பெட்டியைக் கட்டிக்கொண்டு போகச் சொல்லிவிட்டார். அதற்கு மேல் என்ன செய்வார்கள் என்று தெரியாது.

ஐப்பசி 19, செவ்வாய்

விடாத மழை. குளக்கட்டில் சனம் கூடையால் மண் சுமக்கிறது. பஸ்ஸுக்கு முன்னர் செல்லையா வீட்டுக்குப் போனேன். பவளம் வாசலுக்கு வந்தா. இருக்கச் சொல்லவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன், குழாயையும், கட்டையையும்.

 கூரைத் தண்ணீர் இருவருக்கும் நடுவில் விழுந்துகொண்டிருந்தது.

"அப்ப, அவர் கேட்டவர்."

"ஓம்."

"நீங்கள் சொன்னதைக் கேட்டுத்தான் கீழ போனவர்."

"ஓம்."

"சொல்வழி கேளாமல் போய்ச் செத்தவர் எண்டு சனம் கதைக்குது. பிள்ளையளுக்கும் அப்பிடித்தான் சொல்லி வைச்சனான்." உள்ளே திரும்பி மூத்தவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, "அப்பாவில பிழையில்லை பிள்ளை" என்றா. பிறகு என்னைப் பார்க்காமல், "இனி இந்தப் பக்கம் வராதேங்கோ" என்றா.

வந்துவிட்டேன்.