சமையல்காரரின் குரல்

ஹெங்டியன்,
வசந்த விழாவின் நான்காம் நாள்

அன்புள்ள தம்பி யான்திங்குக்கு, அண்ணி ஃபெங்லியான் எழுதுவது. நீயும் உன் மனைவியும் இந்தப் புது வருஷத்தில் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும்.

தம்பி, வந்துவிட்டார்! உன் அண்ணன் டிவியில் வந்துவிட்டார்! நேற்றுச் சாயங்காலம் மாவு பிசைந்துகொண்டிருந்தேன். முன்னறையிலிருந்து என் மகள் ஷியாவ்மான், "அம்மா, அப்பா! அப்பா!" என்று கத்தினாள். மாவுக் கையோடு ஓடினேன். உன் புதுத் தொடரின் விளம்பரம். கிழிந்த அங்கியோடு நீ சத்திரத்துச் சமையலறைக்குள் ஓடி வருகிறாய், பின்னால் சிப்பாய்கள். அடுப்பிலிருந்து கரண்டியோடு திரும்புகிறார் அவர். உயிரோடு!

நீ சிரிக்காதே. இத்தனை வருஷமாக அவரை டிவியில் நான் பார்த்ததெல்லாம் பிண வேஷத்தில்தான். போர்க்களத்தில் பிணம், ஆற்றங்கரையில் பிணம். "அந்த இடது கால் என்னுதுடி, நல்லாப் பாரு" என்று பெருமையாகக் காட்டுவார். பிணமாக நடித்த தோஷம் கழிய படக்காரர்கள் கொடுக்கும் சிவப்பு உறைப் பணத்தை வீட்டுக்குள் கொண்டுவர மாட்டார். வழியிலேயே எனக்குச் சர்க்கரைப் பாகில் தோய்த்த பழக்குச்சி வாங்கித் தீர்த்துவிட்டுத்தான் வருவார். போன மாதம் கடையின் இரும்புக் கதவை மேலே தூக்கியபடியே அவர் சாய்ந்து போய்ச் சேர்ந்தபோது எங்களுக்கு வந்ததெல்லாம் சாவு வீட்டுக்குக் கொடுக்கும் வெள்ளை உறை. அதில் பழக்குச்சி வாங்க முடியுமா?

சரி, அதை விடு. சந்தோஷமாக எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அவர் வாயைத் திறந்தார் பார், எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது அவர் குரலே இல்லை. யாரோ படித்த மனிதர், நெஞ்சிலிருந்து கம்பீரமாகப் பேசுகிறார். ஷியாவ்மான் அழுதுகொண்டே உள்ளே போய்விட்டாள். பக்கத்துக் கறிக்கடைத் தியாவ், "எல்லாத் தொடரும் அப்படித்தான் அண்ணி. டப்பிங் பேசுறதுக்குன்னே பெய்ஜிங்ல ஆள் வெச்சிருக்காங்க. உங்க வீட்டுக்காரர் பேசுற ஹெனான் ஊர்ப் பேச்சு யாருக்குப் புரியும்? எனக்கே பாதிதான் புரியும்" என்கிறான்.

தம்பி, உனக்கு நினைவிருக்கும். நீ இங்கே வந்த புதிதில் பிணமாகப் படுத்திருந்தபோது தும்மிவிட்டாய். காட்சியை முதலிலிருந்து எடுக்க, குதிரைகள் எல்லாம் மறுபடி மலையேற வேண்டியதாகிவிட்டது. படப்பிடிப்பில் கூட்டத்துக்கு ஆள் பிடிக்கும் தடியன் காவ், மர வாளைத் தூக்கிக்கொண்டு தெருவெல்லாம் உன்னைத் துரத்தினான். எங்கள் நூடுல்ஸ் கடைக்குள் ஓடி வந்து, "ஒளிய இடம் இருக்கா அண்ணே?" என்று கேட்டாய். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "இடம் இருக்கு. யாரு துரத்தினாலும் சரி, முதல்ல சாப்பிடு" என்றார். அதைத்தானே இந்தக் கதையில் அவருக்கு வசனமாக வைத்திருக்கிறாய்? பிறகு எங்கள் மூலை மேஜையில் உட்கார்ந்துதான் எழுத ஆரம்பித்தாய். மேஜை முழுக்கக் காகிதம், கிண்ணம் வைக்க இடம் இருக்காது. இன்றைக்குக் கதையும் நீயே, நடிப்பும் நீயே, இயக்குவதும் நீயே. அவருக்கு எவ்வளவு பெருமை தெரியுமா!

உனக்கு முதல் முதலாகப் பேசும் வேஷம் கிடைத்ததே, அது ஒளிபரப்பான அன்று நீ என்ன செய்தாய்? கிண்ணத்தைத் தள்ளிவிட்டு, "அண்ணி, என் வாய்க்குள்ள எவனோ உட்கார்ந்து பேசுறான்" என்று அழுதாய். அவர்தான் உன் முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தார்.

எங்களிடம் அவர் படம் இருக்கிறது. குரல் இல்லை. பாட்டுப் பதிவு செய்யும் பெட்டி வாங்கலாம் என்று ஷியாவ்மான் கேட்டபோது, இங்கே யார் பாடுகிறார்கள் என்று நான்தான் வேண்டாம் என்றேன். படப்பிடிப்பில் தன் தலைக்கு மேலே நீளக் கம்பில் மைக்கைப் பிடித்திருந்தார்கள் என்று அவர் சொன்னார். அப்படியானால் அந்தக் குரல் உங்களிடம் எங்கேயோ இருக்கத்தானே வேண்டும்? உன் உதவியாளருக்குப் போன் செய்தால், சார் வேலையில் இருக்கிறார் என்கிறார். அதனால்தான் கடிதம். உன் பிழைப்புக்கு இடைஞ்சல் வருமென்றால் தொடரில் வேண்டாம், ஒரு நாடாவில் அனுப்பினால் போதும். அது அழிவதற்குள் தேடிப் பார், தம்பி.

உன் அண்ணி
ஃபெங்லியான்


ஹெங்டியன்,
விளக்குத் திருவிழாவுக்கு மறுநாள்

அன்புள்ள தம்பி யான்திங்குக்கு, உன் குடும்பம் தழைக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு அண்ணி எழுதுவது.

நேற்று எங்கள் வீட்டில் உட்கார இடமில்லை. உன் தொடரைப் பார்க்கத் தெருவே வந்துவிட்டது. கூட்டத்துக்கு ஆள் பிடிக்கும் தடியன் காவ்கூட ஆரஞ்சுப் பழக் கூடையோடு வந்து, "அந்தத் தும்மல் பயலை அன்னைக்கு நான் துரத்தலைன்னா இந்தக் கதையே கிடையாது" என்று பெருமையடித்துக்கொண்டான்.

விளம்பரத்தில் இருந்த குரல்தான் வரும் என்று மனதைக் கல்லாக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நீ ஓடி வந்தாய். வசனம் பழகும்போது அவர் தினமும் என்னைக் கதவுக்கு வெளியே நிறுத்தி உன் வேஷத்தைப் போடச் சொல்வார், மூச்சு வாங்க ஓடி வரவேண்டும் என்பார். அந்தப் பழக்கத்தில், நீ பேசுவதற்கு முன்னாலேயே என் வாய் பேசிவிட்டது. "ஒளிய இடம் இருக்கா பெரியவரே?" என்று எல்லோருக்கும் கேட்கச் சத்தமாகவே கேட்டுவிட்டேன்.

அவர் பதில் சொன்னார், தம்பி.

அவரே! அந்தக் கரகரப்பு, அந்த இழுவை, "சாப்பிடு" என்பதற்கு முன்னால் மூக்கை உறிஞ்சுவாரே, அதுவும்! தியாவ் தொடையில் அடித்துக்கொண்டு, "எல்லாரும் பெய்ஜிங் பேசுறான், இந்தச் சமையல்காரன் மட்டும் நம்ம தெருவிலேர்ந்து நேராப் போயிருக்கான்யா!" என்று கத்தினான். எல்லோரும் சிரித்தார்கள். ஷியாவ்மான் சிரித்தாள். அவர் போனதிலிருந்து அவள் சிரித்து நான் பார்க்கவில்லை.

இதற்காக மேலிடத்தில் நீ யாரிடம் எவ்வளவு பேச்சு வாங்கினாயோ, எனக்குத் தெரியாது. கேட்டாலும் நீ சொல்ல மாட்டாய்.

கடையை மூடியே வைத்திருந்தேன். அந்தக் கதவைத் தொட எனக்குக் கை வரவில்லை. இன்று காலையில் நானும் ஷியாவ்மானும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கினோம். அடுப்பு பற்றவைத்தாகிவிட்டது. மூலை மேஜையையும் துடைத்து வைத்திருக்கிறேன்.

நீ நன்றாக இருக்க வேண்டும். இன்னும் பெரிய ஆளாக வேண்டும். வேலை எவ்வளவு துரத்தினாலும் சரி, ஒரு நாள் வந்து சாப்பிட்டுவிட்டுப் போ.

உன் அண்ணி
ஃபெங்லியான்